பிசையக் கூடாத ரொட்டி

அயர்லாந்தின் தெற்கில் உள்ள கார்க் நகருக்கு வேலை நிமித்தம் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நான் சுட்ட சோடா ரொட்டி கத்திக்கு அசைந்து கொடுக்கவில்லை. மேலோடு அழகாகச் சிவந்திருந்தது. வாசனையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே மாவு இறுகி, வேகாத கொழுக்கட்டையைப் போல் கனத்துக் கிடந்தது. சேர்த்த பொருள்கள் நான்கே: மாவு, உப்பு, ஆப்பச் சோடா, மோர். அளவில் எதுவும் தவறவில்லை. பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும், எண்பதைத் தாண்டிய மூதாட்டியிடம் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வாயில் போடவே இல்லை. விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, “எவ்வளவு நேரம் பிசைந்தாய்?” என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடம் என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் தளும்பியது.

சப்பாத்திக்கு மாவு பிசைந்து பழகிய கை என்னுடையது. தேய்த்து, மடித்து, குத்தி, காதுமடலின் மென்மை வரும்வரை விடாமல் பிசைவதே மாவுக்குச் செய்யும் மரியாதை என்று சிறு வயதிலிருந்து கற்ற கை. சோடா ரொட்டிக்கு அந்தப் பயிற்சி முழுவதும் இடைஞ்சல் என்பதை மறுநாள் காலை அவருடைய சமையலறையில் நின்று பார்த்தபோதுதான் அறிந்தேன்.

அவர் தராசு வைத்துக்கொள்ளவில்லை. பிடி உடைந்துபோன ஒரு பழைய கோப்பைதான் அவருடைய அளவு. பின்னர் வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்து எழுதிக்கொண்ட கணக்கின்படி, அது 450 கிராம் வெள்ளை மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சோடா, 350 முதல் 400 மில்லிலிட்டர் வரை மோர். மாவை அகன்ற பாத்திரத்தில் கொட்டி, சோடாவை உள்ளங்கையில் வைத்துக் கட்டியில்லாமல் நசுக்கி, சல்லடை வழியாகச் சேர்த்தார். நடுவில் குழி செய்து, ஏறக்குறைய மோர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றினார். பிறகு வலக்கை விரல்களைப் பருந்தின் நகங்களைப் போல் விரித்து விறைப்பாக வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வட்டம் வட்டமாகச் சுழற்றினார். பத்துப் பன்னிரண்டு சுற்று இருக்கலாம். உலர்ந்த மாவு எல்லாம் ஈரமானவுடன் கையை எடுத்துவிட்டார். எனக்கோ அது இன்னும் தொடங்கவே இல்லாத வேலையாகத் தோன்றியது. கொழகொழவென்று, மேடும் பள்ளமுமாக, ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மாவு தூவிய பலகையில் அதைக் கவிழ்த்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, விளிம்புகளை மட்டும் உள்ளே தள்ளி உருண்டையாக்கி, திருப்பிப் போட்டு, ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தட்டினார். மேலே ஒரு சிலுவையை ஆழமாகக் கீறி, நான்கு கால்பகுதிகளிலும் கத்தி முனையால் ஒவ்வொரு குத்துக் குத்தி, 230 டிகிரியில் தகித்துக்கொண்டிருந்த ஓவனுக்குள் தள்ளினார். மோர் ஊற்றியதிலிருந்து கதவு மூடியதுவரை மூன்று நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். பதினைந்து நிமிடம் கழித்து வெப்பத்தை 200க்குக் குறைத்து, மேலும் அரைமணி நேரம் விட்டார். வெளியே எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடிப்பகுதியை விரல் கணுவால் தட்டிக் காட்டினார். வெற்றுப் பானையைத் தட்டியதைப் போன்ற ஓசை வந்தது. அந்த ஓசை வராவிட்டால் திருப்பி உள்ளே வைக்க வேண்டியதுதான்.

அவசரத்துக்கும் கை வைக்காமைக்கும் காரணம் இரண்டு. ஈஸ்ட் சேர்த்த ரொட்டியில் நொதித்தல் மணிக்கணக்கில் நடப்பதால், மெல்ல மெல்லச் சுரக்கும் வாயுவைப் பிடித்து வைத்திருக்க மாவுக்குள் வலுவான பசைப் பின்னல் ஒன்று தேவைப்படுகிறது. கோதுமையின் புரதம் நீரோடு சேர்ந்து, பிசையப் பிசைய உருவாகும் குளூட்டன்தான் அந்தப் பின்னல். சோடா ரொட்டியில் வாயு சுரப்பது உயிரியால் நடப்பதன்று. சோடியம் பைகார்பனேட்டும் மோரிலுள்ள லாக்டிக் அமிலமும் சந்தித்த நொடியிலேயே கரியமில வாயு கிளம்பிவிடுகிறது. மாவைப் பத்து நிமிடம் பிசைந்து கொண்டிருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் வாயுவின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இறுகிய குளூட்டன் மட்டும் மிஞ்சும். என் முதல் ரொட்டியின் வரலாறு அவ்வளவே.

இரண்டாவது காரணம் அயர்லாந்தின் வானிலை. மழையும் மிதமான குளிரும் மாறி மாறி வரும் இந்தத் தீவில் விளையும் கோதுமை மென்மையானது, புரதம் குறைந்தது. கனடாவின் சமவெளிகளில் விளையும் கடினக் கோதுமை ஈஸ்ட் ரொட்டிக்குக் கொடுக்கும் வலு அதற்குக் கிடையாது. ஈஸ்டோடு சேர்த்தால் சப்பையாகப் போகும் அந்த மாவு, பசைப் பின்னலே தேவைப்படாத சோடாவோடு சேர்ந்தபோது தனக்குரிய வேலையைக் கண்டுகொண்டது. இந்நாட்டுக் கடைகளில் இந்தச் சோடாவுக்குப் பெயரே ‘ரொட்டிச் சோடா’ என்பதிலிருந்து, இங்குள்ளவர்களின் மனத்தில் அது எதற்காக இருக்கிறது என்பது விளங்கும். நம் ஊரில் அது ஆப்பச் சோடா ஆனதும் இதே தர்க்கத்தில்தான்.

‘பாரம்பரிய’ என்ற அடைமொழி இந்த ரொட்டியோடு ஒட்டிக்கொண்டே வருவதால், இது அயர்லாந்தின் பண்டைக் குடிகளான கெல்டியர் காலத்துச் சமாச்சாரம் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் இதன் வயது இருநூறு ஆண்டுகளுக்குள்தான். சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்கு பிரான்சைச் சேர்ந்த நிக்கொலா லெப்ளாங் காப்புரிமை பெற்றது 1791இல். அதற்குமுன் கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்தும் சில தாவரங்களின் சாம்பலிலிருந்தும்தான் அதை எடுத்தார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையோர மக்களுக்கே கடற்பாசி எரிப்பது ஒரு பிழைப்பாக இருந்தது. தொழிற்சாலைச் சோடா மலிந்த பிறகே அது ஏழைகளின் மாவுப் பானைவரை வந்து சேர்ந்தது. ஆக, இங்கே எல்லோரும் பாட்டியின் கைப்பக்குவம் என்று கொண்டாடும் பண்டம், வேதியியல் ஆலையின் பேரப்பிள்ளை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு என்னவோ இதனால் ரொட்டியின் மதிப்பு கூடியதாகத்தான் படுகிறது.

இன்றைய அயர்லாந்து ரொட்டியோடு அப்படியே பொருந்தும் மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று 1836ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வடக்கே நியூரி என்ற ஊரில் வெளிவந்த ‘நியூரி டெலிகிராஃப்’ இதழுக்கு ஒரு வாசகர் எழுதியனுப்பிய அந்தக் குறிப்பை, இங்கிலாந்தின் வேளாண் இதழ் ஒன்று எடுத்து வெளியிட்டது. உடலுக்கு வலுவூட்டவும் செரிமானத்தைச் சீராக்கவும் இதற்கு நிகரான ரொட்டி இல்லை என்று லேகிய விளம்பரத்தின் தொனியில் தொடங்கும் அந்த வாசகர், ஒன்றரைப் பவுண்டு கோதுமை மாவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பையும் ஒரு பெரிய தேக்கரண்டி சோடாவையும் கணக்குச் சொல்கிறார். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டவை இரண்டு சொற்கள். மோர் ‘மிகவும் புளித்ததாக’ இருக்க வேண்டும் என்கிறார். மாவு கையில் எடுக்க முடிகிற அளவுக்குள் எவ்வளவு இளகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறார். பக்கத்து வீட்டு மூதாட்டி இதைப் படித்தவர் அல்லர். ஆனால் அவருடைய கை செய்ததும் அதுவே.

அந்தப் புளித்த மோர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் குடியிருக்கும் ஊருக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது. கார்க் நகரின் ஷான்டன் பகுதியில் 1770இல் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் மிகப்பெரிய வெண்ணெய்ச் சந்தையாக வளர்ந்தது. சுற்றுவட்டாரத்து மலைக் கிராமங்களிலிருந்து மரப்பீப்பாய்களில் வந்த வெண்ணெயை இங்கே தரம் பிரித்து, எடை போட்டு, முத்திரை குத்தி, மேற்கிந்தியத் தீவுகள்வரை கப்பலேற்றினார்கள். 1924இல் சந்தை மூடப்பட்டுவிட்டது. இப்போது அதன் பக்கத்தில் ஒரு வெண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்து ஆயிரம் ஆண்டுகள் கடந்த வெண்ணெய்ப் பாத்திரம் ஒன்றையும் அங்கே காணலாம். எனக்கோ கடையும் பீப்பாய்களின் முன்னால் நின்றபோது வேறொரு கணக்கே மனத்தில் ஓடியது. குத்தகை கட்டுவதற்காக வெண்ணெயை விற்ற சிறு விவசாயிக்கு, கடைந்தபின் வீட்டில் மிஞ்சியது மோர் மட்டுமே. உருளைக்கிழங்கோடு குடித்ததும் அந்த மோரைத்தான். பிற்பாடு மாவும் சோடாவும் கைக்கெட்டியபோது ரொட்டிக்கு ஊற்றியதும் அதைத்தான். வெண்ணெய் கடலைத் தாண்டிப் போயிற்று, புளிப்பு வீட்டிலேயே தங்கிற்று.

வெண்ணெய் கடையும் நேரத்தில் வீட்டுக்குள் வருபவர் எவராயினும் இரண்டு கடை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டின் வெண்ணெய் அதிர்ஷ்டம் அவரோடு போய்விடும் என்பது இந்நாட்டுக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. விருந்தாளியிடம் வேலை வாங்குவதற்கு இதைவிட நாகரிகமான வழி இருக்க முடியாது.

1845 முதல் 1852 வரை நீடித்த பெரும்பஞ்சம் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பிய வாழ்க்கையை உடைத்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராமத்து ஏழைகளின் சாப்பாட்டில் ரொட்டியும் தேநீரும் நிலைபெற்றன. ஆனால் குடிசைகளில் அடுப்புச் சூளை கிடையாது. இருந்ததெல்லாம், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிக்கட்டிகள் புகைந்துகொண்டிருக்கும் கணப்பும், அதன்மேல் சுழலும் இரும்புக் கொக்கியும்தான். அந்தக் கொக்கியில் மாட்டுவதற்கென்றே இருந்த பாத்திரத்துக்கு பாஸ்டிபிள் என்று பெயர்: தட்டையான அடிப்பாகமும் மூன்று குட்டைக் கால்களும் கனத்த மூடியும் கொண்ட வார்ப்பிரும்புச் சட்டி. இங்கிலாந்தின் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரின் பெயரே அப்படித் திரிந்தது என்பார்கள். மாவை உள்ளே வைத்து மூடியபின், மூடிமேல் தணலை அள்ளிப் பரப்புவார்கள். கீழும் நெருப்பு, மேலும் நெருப்பு, நடுவில் ரொட்டி. 1836இன் குறிப்பிலும் மூடிமேல் தணல் போடச் சொல்லியிருக்கிறது. அந்த வாசகருக்கும் ஓவன் இருக்கவில்லை.

என் அண்டை வீட்டு மூதாட்டி பிறந்த பண்ணை வீட்டில், அவருடைய தாயார் ஞாயிறு தவிர மற்றெல்லா நாளும் பாஸ்டிபிளில்தான் ரொட்டி சுட்டாராம். அயர்லாந்தின் கிராமப்புற மின்மயமாக்கம் 1946இல்தான் தொடங்கியது; கடைசிக் கிராமங்களுக்கு மின்சாரம் போய்ச் சேர்வதற்குள் எழுபதுகளே வந்துவிட்டன. ஆகவே இன்று எண்பது வயதில் இருப்பவர்களுக்குக் கணப்பு ரொட்டி, கேள்விப்பட்ட கதையாக இல்லாமல் நாக்கில் தங்கிய ருசியாகவே இருக்கிறது. 1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், ஏறத்தாழ ஐந்தாயிரம் பள்ளிகளின் மாணவர்களைக் கொண்டு தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய செய்திகளைக் கேட்டு எழுதச் செய்தது. அவர்களுக்குக் கொடுத்த தலைப்புகளில் ரொட்டியும் ஒன்று. எந்த மாவு, எந்தக் கல், சிலுவை எப்படிக் கீறினார்கள், ஓட்ஸ் அடையை நெருப்புக்கு எதிரே சாய்த்து வைத்து எப்படி உலர்த்தினார்கள் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிய பக்கங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு மாலை முழுவதும் அதில் மூழ்கி, அன்றைய இரவுச் சமையலைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

சிலுவை எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். தேவதைக் குறளிகள் ரொட்டிக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியே போவதற்கு என்பது விளையாட்டு விடை. வீட்டை ஆசீர்வதிப்பதற்கு என்பது பக்தி விடை. தடித்த நடுப்பகுதிக்குச் சூடு இறங்க வேண்டும், சுட்டபின் நான்காகப் பிட்க வரவேண்டும் என்பது ரொட்டி சுடுகிறவரின் விடை. மூதாட்டி மூன்றையும் நம்புகிறார். வடக்கே அல்ஸ்டர் பகுதியில் மாவை மெல்லிய வட்டமாகத் தட்டி, முதலிலேயே நான்காக வெட்டி, தோசைக்கல்லைப் போன்ற இரும்புக் கல்லில் இருபுறமும் சுடுகிறார்கள். அந்தக் கால்வட்டத் துண்டுக்கு ஃபார்ல் என்று பெயர். நான்கில் ஒரு பங்கு என்று பொருள்படும் பழைய ஸ்காட் சொல்லிலிருந்து வந்தது. ஓவன் இல்லாத வீட்டில் சோடா ரொட்டி செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபார்லைத்தான். கனமான தோசைக்கல்லும் சிறு தீயும் போதும்.

திராட்சைச் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று அமெரிக்கக் கடைகளில் ‘ஐரிஷ் சோடா பிரெட்’ என்று விற்பதில் உலர்திராட்சை, சீமைச் சோம்பு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை என்று எல்லாம் இருக்கும். அங்கே இந்த ரொட்டியைப் பாதுகாக்க ஒரு சங்கமே இருக்கிறது. முட்டையும் சர்க்கரையும் சேர்ந்தால் அது ரொட்டியல்ல, கேக் என்பது அந்தச் சங்கத்தாரின் கட்சி. வேடிக்கை என்னவென்றால், அயர்லாந்தின் கிராமங்களில் வெறும் சோடா ரொட்டியையே ‘கேக்’ என்றுதான் சொல்கிறார்கள். திராட்சை போட்டதும் இங்கே உண்டு. விசேஷ நாள்களிலும் அறுவடைக் காலத்திலும் செய்யும் அதற்குப் புள்ளி நாய் என்று பொருள்படும் செல்லப்பெயர். முழுக்கோதுமை மாவில் செய்தால் தெற்கே பழுப்பு ரொட்டி, வடக்கே ‘வீட்டன்’, அதாவது கோதுமை ரொட்டி. நான் சங்கத்தாரின் பக்கம்தான், ஆனால் அவர்களைப் போல் சூடாக இல்லை. திராட்சை போட்டதைத் தேநீரோடு தின்றுவிட்டு, சோடா ரொட்டி தின்றேன் என்று சொல்லாமல் இருந்தால் எனக்குப் போதும்.

என் மற்றத் தோல்விகளையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்ச் சமையலறையில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு அவையே வரும். ‘இன்னும் கொஞ்சம் உப்பட்டும்’ என்று சோடாவைக் கூட்டியபோது ரொட்டி மஞ்சளித்து, சவர்க்காரத்தின் ருசியோடு வந்தது. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சோடாவைச் சமன்செய்யவே ஊற்றும் மோரின் அமிலம் முழுவதும் வேண்டும். அதற்கு மேற்பட்ட சோடா உப்ப வைக்காது, நாக்கில்தான் நிற்கும். சலிக்காமல் போட்ட இன்னொரு நாள், மாவில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகளும் அவற்றில் கசப்பும் இருந்தன. மூன்றாவது தோல்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வீட்டில் உறைகுத்திய தயிரைக் கடைந்து, நாம் குடிப்பதைப் போல் தண்ணீரை விட்டுப் பெருக்கிய மோரை ஊற்றினேன். ரொட்டி எழும்பவே இல்லை. அன்று காலை உறைந்த இளந்தயிர், அதிலும் பாதி தண்ணீர். அமிலம் எங்கிருந்து வரும்?

அதற்குப் பிறகு தயிரை இரண்டு நாள் புளிக்கவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு தயிருக்கு ஒரு பங்கு பால் என்று கலந்து ஊற்றுகிறேன். கடையில் விற்கும் மோரும் இப்போது வெண்ணெய் கடைந்து வருவதன்று. கொழுப்பு நீக்கிய பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்க வைத்தது. ஆகவே நம் தயிரை அதற்குப் பதிலி என்று தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை, இரண்டும் பங்காளிகள். எலுமிச்சைச் சாறு பிழிந்து திரித்த பாலும் உப்ப வைக்கும். ருசி மட்டும் மெலிந்துபோகும். மாவைப் பொறுத்தவரை, நம் மைதா வெள்ளை ரொட்டிக்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. சப்பாத்தி மாவு வேறு சாதி: கல்லில் நெருங்க அரைபடுவதால் அது நீரை அதிகம் குடிக்கும், கை பட்டால் இறுகும். அதை மட்டும் போட்டால் ரொட்டி கனக்கும். பாதி மைதாவும் பாதி சப்பாத்தி மாவும் ஒரு பிடி கோதுமைத் தவிடும் கலந்து, மோரை ஐம்பது அறுபது மில்லி கூட்டி ஊற்றினால், இங்குள்ள பழுப்பு ரொட்டியின் சொரசொரப்பு ஓரளவுக்கு வந்துவிடுகிறது.

சுட்ட ரொட்டியைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் ஆவி உள்ளேயே நின்று மேலோடு மெத்தென்று ஆகும்; மொறுமொறுப்பு விரும்புகிறவர்கள் கம்பித் தட்டில் திறந்து வைக்கலாம். கொழுப்பே சேராத பண்டம் என்பதால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் வாட்டித்தான் தின்ன முடியும், மூன்றாம் நாள் பறவைகளுக்கு. சூடு சற்று ஆறியபின் தடித்த துண்டாக வெட்டி, உப்பு வெண்ணெயைப் பல் பதியும் கனத்துக்குப் பூசித் தின்கிறார்கள் இங்கே. குத்தகைக்கு விற்றுவிட்ட வெண்ணெய் எல்லாம் இப்போதுதான் ரொட்டியிடம் திரும்பி வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

மூதாட்டிக்கு விரல் மூட்டுகளில் வலி கூடிவிட்டதால் இரண்டு ஆண்டுகளாக அவர் மாவில் கை வைப்பதில்லை. சனிக்கிழமைகளில் நான் இரண்டாகச் சுட்டு, ஒன்றைத் துணியில் சுற்றிச் சுவருக்கு அப்பால் நீட்டுகிறேன். துணி திங்கட்கிழமை துவைத்து மடித்து வந்துவிடும். ரொட்டியைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. ஒரே ஒரு முறை, மடிப்புக்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார்: மோர் இன்னும் ஒரு நாள் பழையதாக இருக்கட்டும்.